ஆறு பேர் நிறைத்த பெட்டி

பல்வலி வந்த அன்று நான் பட்டிருந்த கடன் இரண்டு லட்சத்துப் பதினாறாயிரத்து நானூற்று எழுபது ரூபாய். அதற்கு ஈடாக நான் எழுதிக் கொடுத்திருந்தது வீடும் இல்லை, நகையும் இல்லை. என் வயிற்றுக்குள் இருந்த பூச்சிகளை.

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். முதல் நாள் நாங்களும் சிரித்தோம்.

அந்த இடம் முன்பு செங்கல் சூளை. திண்டிவனத்துக்கு மேற்கே, ஏரிக்கு அந்தப் பக்கம். முதலாளி கண்ணபிரான். நானும் என் வீட்டுக்காரர் வரதனும் அங்கே பதினாறு வருஷம் கல் அறுத்தோம். பெருங்காய்ச்சல் வந்த வருஷம் அரசாங்கம் வீடு வீடாக ஐந்து நாள் மருந்து கொடுத்தது. வீடு இருந்தவர்களுக்குக் கொடுத்தது. சூளைக் கொட்டகை எந்தத் தெருவிலும் சேராததால் எங்களிடம் யாரும் வரவில்லை. எங்களில் ஒன்பது பேர் செத்தார்கள். மற்றவர்கள் கஞ்சித் தண்ணீரைக் குடித்து எப்படியோ எழுந்து உட்கார்ந்தோம்.

அடுத்த வருஷம் காய்ந்த கல் அடுக்கும்போது சுவர் சரிந்து வரதனின் இடுப்பு நொறுங்கியது. ஆஸ்பத்திரிக்கென்று முன்பணத்துக்கு மேல் முன்பணம் வாங்கினேன். பதினெட்டு நாள் இருந்துவிட்டு அவர் போய்விட்டார். கடன் போகவில்லை.

அதன் பிறகு ஒருநாள் சூளைப் புகை நின்றது. கொட்டகைக்கு வெள்ளை அடித்தார்கள், கொசுவலைக் கம்பி போட்டார்கள், வாசலில் பெரிய கேட் வைத்தார்கள். செங்கல் லாரி வந்த வழியில் குளிர்பெட்டி வேன் வந்தது. கடன் இருந்த எங்களை வரிசையாக உட்கார வைத்து, ஜெசிந்தா என்ற நர்ஸ் பெண் விளக்கம் சொன்னாள். இருபது வயது இருக்கும். எலும்பும் தோலுமாக இருந்தாள்.

"வயித்துக்குள்ள பூச்சியா?" என்று கேட்டாள் பவுனு. எங்கள் கொட்டகையில் வாய் அவளுக்குத்தான். "பள்ளிக்கூடத்துல புள்ளைங்களுக்கு மாத்திரை குடுப்பாங்களே, அந்தப் பூச்சியா சிஸ்டரு?"

"அது வேறக்கா. இது கண்ணுக்குத் தெரியாது. கோடி கோடியா இருக்கும். நாம தின்றதுல பாதிய அதுங்கதான் செரிக்க வைக்குது. நல்லது நெறைய இருந்தா கெட்டது வந்து எடம் புடிக்காது. காய்ச்சலுக்குக் குடுத்த மருந்து நல்லது கெட்டது பாக்காம மொத்தத்தையும் கொன்னுடுச்சு. சாதாரண மருந்துன்னா கொஞ்ச நாள்ல தானா மொளைக்கும். இதுல மொளைக்கவே இல்ல. ஊர்ல பாதிப் பேரோட வயிறு இன்னைக்குக் காலி மனை."

"காலி மனைன்னா இந்நேரம் கல்லு நட்டு வித்திருப்பானுங்களே!"

"அதுல திரும்பப் பயிர் வைக்கணும்னா வெதை வேணும். அந்த மருந்தே சாப்பிடாதவங்க வயித்துலதான் வெதை இருக்கு. உங்ககிட்ட இருக்கு."

"எங்ககிட்டயா? எங்க?"

எங்கே இருக்கிறது, எப்படி எடுப்பார்கள், தினமும் காலைக்கடனுக்கு யார் எந்தப் பெட்டியில் உட்கார வேண்டும் என்று ஜெசிந்தா சொன்னாள். கொட்டகையே உருண்டு உருண்டு சிரித்தது. மங்காவரம் அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. எங்களில் மூத்தவள் அவள். வரதனுக்குப் பெரியம்மா முறை, ஆனால் எல்லோருக்கும் அக்கா. "பதினாறு வருசம் கல்லறுத்துத் தீராத கடன், இதுலயா தீரப்போவுது?" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

பத்திரத்தில் கைநாட்டு வைத்தபோது சிரிப்பு நின்றது. எனக்கு நாற்பத்தொன்று என்று எண் கொடுத்தார்கள். என் வயிற்றுப் பூச்சிகளுக்கும் கைரேகை போல ஒரு ரேகை உண்டாம். அதை எடுத்து என் பெயரில் பதிந்தார்கள். அதுதான் அடமானப் பொருள்.

எங்கள் கொட்டகையில் ஏழு பெண்கள். வேளைக்குச் சோறு வந்தது. கேழ்வரகு, சாமை, கீரை, பழைய சோறு, மோர், எல்லாம் நிறுத்து வைப்பார்கள், ஒரே சட்டியிலிருந்து. மிச்சம் வைக்கக் கூடாது. வெளியில் இருந்து ஒரு வெற்றிலை வரக் கூடாது. எந்த மருந்தும் கூடாது. கிராம்பு கூடக் கூடாது, அதுவும் பூச்சியைக் கொல்லுமாம். கேட்டைத் தாண்டக் கூடாது. மாதம் ஒருமுறை சொந்தக்காரர்களைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்துக் காட்டுவார்கள். என் மகள் வெண்மதி வந்து கண்ணாடியில் உள்ளங்கையை வைப்பாள். நானும் வைப்பேன். கண்ணாடி சில்லென்று இருக்கும்.

வேலை என்று எதுவும் இல்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதுதான் பெரிய தண்டனை. விடிகாலை மூன்று மணிக்கு மண் மிதித்துப் பழகிய கால், உட்கார்ந்தே இருந்தால் உளையும். உடம்பு வலிக்கும், வேலை செய்ததற்காக இல்லை, செய்யாததற்காக. தூக்கம் வராது. கொட்டகைக்குள்ளேயே சுவரிலிருந்து சுவருக்கு நடப்போம். முப்பத்திரண்டு அடி.

அந்தச் சும்மா இருந்த நேரத்தில்தான் ஜெசிந்தா எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். பெட்டி மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் தொடங்கினோம். முதலில் என் பெயர். அப்புறம் "முதல் தரம்", "இரண்டாம் தரம்", "கழிவு". முதல் தரப் பெட்டிக்கு நானூறு ரூபாய். அதில் பாதி கடனுக்குப் போகும், மீதி சாப்பாட்டுக்கும் காப்பீட்டுக்கும். கழிவு என்று வந்தால் அன்று சாப்பாட்டுக் காசு கடனில் ஏறும். நாற்பது வயதுக்கு மேல் ஒருத்தி எழுத்துக் கூட்டிப் படித்த முதல் வார்த்தைகள் இவை. அப்புறம் பத்திரத்தைப் படிக்க ஆரம்பித்தோம். முப்பது பக்கம். நாளைக்கு நாலு வரி.

அப்படிப் படித்துத்தான் பன்னிரண்டாம் பக்கம் எனக்குத் தெரிந்தது. மருந்து தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டால் பதினெட்டு வயது நிறைந்த வாரிசு வந்து அந்த இடத்தில் உட்கார வேண்டும். வெண்மதி சூளையில் பிறந்தவள். அவளும் அந்த மருந்தைக் கண்டதில்லை. அவள் வயிறும் சுத்த வயிறு. திண்டிவனம் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தாள். தை மாதம் அவளுக்குப் பதினெட்டு முடிந்தது.

பங்குனியில் எனக்குக் கடைவாய்ப் பல் வலித்தது.

முதல் நாள் உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். மூன்றாம் நாள் கன்னம் வீங்கி ஒரு கண் மூடிக்கொண்டது. வாய் திறக்க முடியவில்லை. காய்ச்சல் அனலாக அடித்தது. மேஸ்திரி எத்திராஜ் வந்து எட்டிப் பார்த்தார். சூளைக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவர் அவர். இங்கேயும் அவர்தான் ஆள் பிடித்தார்.

"இன்னா தனம், ஒரு பக்கம் மட்டும் சதை போட்டிருக்க?"

"ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க மேஸ்திரி" என்றாள் பவுனு.

"போவலாம். டாக்டரு பல்லப் புடுங்குவாரு. புடுங்கினா ஆன்டிபயாடிக் தருவாரு. அத துன்னா பயிர் செத்துடும். செத்தா வெண்மதிய வரச் சொல்லணும். நானா சொல்றன்? பத்திரம் சொல்லுது."

"பத்திரத்துக்கு வாயி இல்ல மேஸ்திரி. உங்களுக்குத்தான் இருக்குது."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மத்தியானம் சோற்று நேரத்தில் ஜெசிந்தா வந்து என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். "அக்கா, சீழ் கழுத்துக்கு எறங்குது. இன்னும் ரெண்டு மூணு நாள் விட்டா மூச்சு அடைச்சிரும். வெளையாட்டில்ல."

எனக்குப் பேச வரவில்லை. தரையில் கிடந்த சாக்கட்டியை எடுத்துச் சிமெண்டில் எழுதினேன். எழுத்துக் கோணலாக வந்தது. *செத்தா கடன் போகும்.*

அதுவும் பத்திரத்தில் இருந்ததுதான். செத்தால் காப்பீட்டில் கழித்துக்கொள்வார்கள். மருந்து தின்றால் மகள் உள்ளே வர வேண்டும். இரண்டில் எது சுலபம் என்று பெற்றவளைக் கேட்க வேண்டியதில்லை.

ஜெசிந்தா அதைப் படித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மற்ற பெண்கள் சுற்றி வந்து, "இன்னா எழுதியிருக்கா? படிச்சு சொல்லு சிஸ்டரு" என்றார்கள். அவள் படித்துச் சொன்னாள்.

அப்போது மங்காவரம் அக்கா கையைக் கழுவிக்கொண்டு சொன்னாள்: "குச்சியத் தள்ளி நட்டுற வேண்டிதுதான்."

சூளைக்காரர்களுக்கு மட்டும்தான் இது புரியும். பச்சைக் கல்லை அறுத்துக் களத்தில் வரிசை வரிசையாகக் காயப் போடுவோம். இது உன் வரிசை, இது என் வரிசை என்று நடுவில் வேப்பங்குச்சி நட்டிருக்கும். சனிக்கிழமை மேஸ்திரி எண்ணுவார். ஒரு வீட்டில் ஆள் படுத்துவிட்டால் கல் குறையும், குறைந்தால் கடன் ஏறும். அதனால் வெள்ளிக்கிழமையே பக்கத்து வீட்டுக்காரர்கள் குச்சியைத் தங்கள் பக்கம் இரண்டு வரிசை தள்ளி நட்டுவிடுவார்கள். யாரும் எழுதி வைப்பதில்லை. யாரும் மறப்பதும் இல்லை. ஒரே ஒரு விதி உண்டு. தள்ளிவிடும் வரிசையில் வெடிப்புக் கல்லோ நாய்க்கால் பட்ட கல்லோ இருக்கக் கூடாது. இருப்பதில் நல்ல வரிசையைத்தான் தர வேண்டும். வெடிப்புக் கல்லைத் தருவதைவிடத் தராமல் இருப்பது மேல்.

"தனம் மாத்திரைய துன்னட்டும். அவ பெட்டிய நாம ரொப்புவம்" என்றாள் அக்கா.

ஜெசிந்தா பயந்து போனாள். "தெரிஞ்சா என்னத் தொலைச்சிருவாங்க."

"வேலை போனா வேற வேலை" என்றாள் பவுனு.

"வேலைக்காக இல்லக்கா." அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "நர்சிங் படிக்கும்போது அந்த மருந்த நானும் சாப்ட்டேன். என் வயிறும் காலி. இங்க வேலை பாக்கறவங்களுக்கு மட்டும் மாசாமாசம் மாத்திரை பாதி வெலைக்குத் தராங்க. நீங்க குடுக்கறதுலேர்ந்து செய்ற மாத்திரைதான். ஆனா உள்ள வேர் புடிக்காதபடி ஏதோ சேத்து அடைக்கச் சொல்றாங்க. புடிச்சிட்டா அடுத்த மாசம் யார் வாங்குவா? எனக்குன்னு சேக்காம ஒன்னு அடைக்க இதுவரைக்கும் தைரியம் வரல. இந்த மாத்திரை நின்னா எனக்குக் கஞ்சி கூடத் தங்காது."

பவுனு அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஆக எங்க ஏழு பேரு வயித்த வச்சுத்தான் நீ சோறு துன்ற. இப்ப அதுல ஒரு வயிறு சாவப்போவுது. கணக்க நீயே போட்டுக்க."

மறுநாள் காலை என் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒரு மாத்திரை அட்டை ஒட்டியிருந்தது. ஏழு நாளைக்கு.

மூன்றாம் நாள் கட்டி உள்ளேயே உடைந்தது. கன்னம் வற்றியது. கண் திறந்தது. உயிர் திரும்பியது என்று எல்லோரும் மூச்சு விட்டோம். நாலாம் நாள் வயிறு போனது.

வாயெல்லாம் இரும்புச் சுவை. நாக்கில் வெள்ளை படிந்துவிட்டது. குடித்த மோர் குடித்தபடியே போயிற்று. நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை எழுந்து ஓடினேன். சோற்றைப் பார்த்தால் குமட்டும், பார்க்காவிட்டால் கை நடுங்கும். பசி என்பதே மறந்து போனது. ஏதோ ஒரு வீட்டைக் காலி செய்துகொண்டு போனபின் உள்ளே நின்று பேசினால் எதிரொலிக்குமே, அப்படி இருந்தது என் வயிறு. கேழ்வரகுக் களியை உருட்டி வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்து விழுங்கிக்கொண்டே ஜெசிந்தாவைப் பார்த்தேன். இந்தப் பெண் வருஷக்கணக்காக இப்படித்தான் இருக்கிறாளா என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

என் பெட்டி மட்டும் தினமும் நிறைந்தது. ஆறு பேரும் ஆளுக்குக் கொஞ்சம். மறைப்புக்குப் பின்னால் பவுனு வந்து நீட்டுவாள். "இந்தாடி, உனக்குன்னே நேத்து கீரைய ரெண்டு தரம் வாங்கித் துன்னேன். என் புருசனுக்குக் கூட நான் இவ்ளோ பண்ணதில்ல."

அங்கேதான் தப்பு நடந்தது. வேறு யாராக இருந்தாலும் இருப்பதில் மட்டமானதைத் தந்திருப்பார்கள். என் பெட்டியும் இரண்டாம் தரமாகவே போயிருக்கும், யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். இவர்கள் சூளைக்காரர்கள். இருப்பதில் நல்லதைத் தந்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் மேஸ்திரி ஓடி வந்தார். "தனம்! உன் வயிறு வயிறா இல்ல தங்கச் சுரங்கமா? தொண்ணூத்தேழு மார்க்காம்! மொதலாளியே வராரு!"

கண்ணபிரான் முதலாளி வெள்ளைக் காரில் வந்தார். முகமூடி போட்டுக்கொண்டு கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார். பதினெட்டு வருஷத்தில் அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான்.

"தனக்கோடி, உனக்கு நல்ல காலம். சென்னையில ஒரு பெரிய ஆஸ்பத்திரி உன் கணக்க அப்படியே வாங்கிக்கறாங்க. தனி ரூம். ஏசி. அஞ்சு வருஷம் இருந்தா போதும், கடனும் தீரும், கையிலயும் ஏதாவது நிக்கும்."

"பொண்ணப் பாக்க முடியுமாங்க?"

"வீடியோவுல பாக்கலாமே. நேர்ல வேணாம், அவங்க ரொம்ப சுத்தம் பாப்பாங்க." வாட்சைப் பார்த்தார். "வர்ற புதன்கிழமை ரேகைப் பதிவு ஆபீசர் அம்மா வராங்க. உன் ரேகைய ஒருதரம் சரிபார்த்துட்டு ஆஸ்பத்திரி பேருல ஏத்திடுவாங்க."

அவர் போனபின் ஜெசிந்தா தலையில் கை வைத்துக்கொண்டாள். தினசரிப் பெட்டியில் தரம் மட்டும்தான் பார்ப்பார்கள். ரேகை பார்ப்பது செலவு. கைமாறும்போது மட்டும் பார்ப்பார்கள். அதுவும் பெட்டியில் இருப்பதை நம்ப மாட்டார்கள், நேராக உடம்பிலிருந்து எடுப்பார்கள்.

"எப்படி அவ்ளோ மார்க்கு வந்துச்சு?" என்று கேட்டேன்.

"ஒரே பயிர் போட்ட நெலத்துல ஒரு பூச்சி விழுந்தா எல்லாம் போயிரும். ஆறு விதமா கலந்து போட்டா எதாவது ஒன்னு தாங்கி நிக்கும். உங்க பெட்டியில ஆறு பேரோட நல்லது சேந்திருக்கு." அவள் விரலால் கணக்குப் போட்டாள். "எட்டு நாள் இருக்கு. முதல்ல காலி வயித்த நெரப்புவோம். இப்படியே விட்டா நீங்க நிக்கவே மாட்டீங்க."

பெட்டிகளை வடித்து, உறைய வைத்து, மாத்திரைக் கூட்டில் அடைப்பது அவள் வேலைதானே. ஆறு பேர் கொடுத்ததில் கொஞ்சம் எடுத்து, வேர் பிடிக்கவிடாத அந்த மருந்தைச் சேர்க்காமல் மாத்திரை செய்தாள். நாளைக்குப் பன்னிரண்டு. விழுங்கும்போது பவுனு எதிரில் உட்கார்ந்துகொண்டு, "இதுல எது நானு? கொஞ்சம் காரமா இருக்குமே" என்பாள். சிரித்தால் மாத்திரை தொண்டையில் நிற்கும்.

நாலு நாள் ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம் வயிற்றில் ஒரு சத்தம். அப்புறம் கொட்டகை முழுதும் கேட்கும்படி இன்னொரு சத்தம். மங்காவரம் அக்கா கைதட்டினாள். "வந்துட்டாளுங்க எல்லாரும்! குடி வந்துட்டாளுங்க!" அன்று சாயங்காலம் எனக்குப் பசித்தது. பதினைந்து நாளுக்குப் பிறகு, வெறும் சோற்றுக்கு, கண்ணில் தண்ணீர் வரும்படி பசித்தது.

"அப்ப புதன்கிழமை தப்பிச்சிருவமா?" என்று ஜெசிந்தாவைக் கேட்டேன்.

அவள் தலையாட்டினாள், இல்லை என்று. "வயிறு தேறிடும். ரேகை தேறாது. உங்களோடது போச்சுக்கா. இது வேற."

எனக்கு அந்தக் கொட்டகை இன்னும் சின்னதாகிவிட்டது போல இருந்தது. ரேகை ஒத்துப் போயிருந்தால் ஐந்து வருஷம் சென்னை அறை எனக்கு. ஒத்துப் போகவில்லை, இந்த முப்பத்திரண்டு அடி வெண்மதிக்கு. எழுந்து நடந்தேன். சுவர் வந்தது. திரும்பினேன். அந்தப் பக்கமும் சுவர்.

செவ்வாய்க்கிழமை ஜெசிந்தா வழக்கம் போலப் பத்திரத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

"இன்னிக்குமா பாடம்?" என்றேன்.

"இன்னிக்கு இருபத்து மூணாம் பக்கம் படிங்க."

"பதினேழுலதான நிறுத்தினோம்?"

"பரவால்ல, படிங்க."

கூட்டிக் கூட்டிப் படித்தேன். நிலையத்தின் ஊழியர். கொடையாளிக்கு. அதன் பிறகு நீளமாக ஒரு வார்த்தை வந்தது. "க-வ-னக் கு-றை-வா-ல்" என்று திக்கினேன். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"பாக்காம, தெரியாம செஞ்சிடறது" என்றாள். "இன்னொரு தரம் படிங்க."

இன்னொரு தரம் படித்தேன். நாளைக்கு நடக்கப்போவதே மனதில் ஓடியதால் வாய் படித்தது, புத்தியில் ஏறவில்லை. அவள் தாளை மடித்து வைத்துக்கொண்டு, "நல்லா வாசிக்கிறீங்கக்கா" என்று மட்டும் சொன்னாள்.

புதன்கிழமை ஆபீசர் அம்மா வந்தார். நரைத்த முடி, பருத்திப் புடவை. நேராக என்னிடமிருந்து எடுத்து, கையோடு கொண்டு வந்த இயந்திரத்தில் வைத்தார். மூன்று மணி நேரம் ஆகும் என்றார். முதலாளி, மேஸ்திரி, ஜெசிந்தா, நான், நாலு பேரும் பழைய கணக்கு ரூமில் நின்றோம். சூளைக் காலத்தில் சனிக்கிழமைக் கூலிக்கு நான் நின்ற அதே ரூம்.

இயந்திரம் ஒரு தாளைத் துப்பியது. அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"நாற்பத்தொன்னு இல்லையே இது."

"எப்படிங்க? ஆளு இவதான்" என்றார் முதலாளி.

"ஆள் இவங்கதான். நீங்க அடமானம் புடிச்சது இவங்க வயித்துல இல்ல. ஒரு இழை கூட இல்ல. சுத்தமா அழிஞ்சிருக்கு. இப்ப இருக்கறது வேற என்னவோ, பல பேரோடது மாதிரி இருக்கு. ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருக்காங்க."

முதலாளி என் பக்கம் திரும்பினார். அவர் கண்ணில் கோபம் வந்தது. ஆனால் அதற்கும் முன்னால், ஒரு கணம், வேறொன்று வந்ததைப் பார்த்தேன். வயதைக் கணக்குப் போடும் பார்வை.

"எத்திராஜ், இவ பொண்ணு எங்க படிக்குது?"

"திண்டிவனத்துலதாங்க. போன் போடட்டுங்களா?"

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப் போனேன் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. காலில் விழப் போனேனோ என்னவோ. அதற்குள் ஜெசிந்தாவின் குரல் கேட்டது. முதலாளியைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆபீசர் அம்மாவைப் பார்த்து, பாடம் ஒப்பிப்பது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"மேடம், மருந்து நான்தான் குடுத்தேன். காய்ச்சலுக்குச் சத்து மாத்திரைன்னு நெனச்சு மாத்திக் குடுத்துட்டேன். அவங்களுக்கு எதுவும் தெரியாது. என் கவனக்குறைவால் நடந்தது. எழுதிக்குங்க."

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் இருபத்து மூன்றாம் பக்கம் முழுதும் என் கண் முன்னால் வந்து நின்றது. *நிலையத்தின் ஊழியர் கொடையாளிக்குக் கவனக்குறைவால் மருந்து கொடுத்து அடமானப் பொருள் அழிந்தால், கொடையாளியோ வாரிசோ பொறுப்பல்ல. நிலுவை காப்பீட்டில் கழிக்கப்படும்.*

"ஏய், இன்னா பேசற நீ?" என்றார் மேஸ்திரி.

ஆபீசர் அம்மா பேனாவைத் திறந்துவிட்டிருந்தார். ஜெசிந்தாவை வெகுநேரம் பார்த்தார். அந்த ஒட்டிய கன்னத்தை, குச்சி மணிக்கட்டை. அவருக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும். "எழுதினா திரும்ப அழிக்க முடியாதும்மா" என்றார் மெதுவாக.

"தெரியும் மேடம்."

அவர் எழுதினார்.

அன்று சாயங்காலமே எங்கள் இருவரையும் கேட்டுக்கு வெளியே விட்டார்கள். ஆறு பேரும் கம்பிக்குப் பின்னால் வந்து நின்றார்கள். கடைசியில் மங்காவரம் அக்காதான், "வயித்துல எங்களப் பட்டினி போட்டுடாதடி" என்றாள்.

பஸ் நிறுத்தத்தில் ஜெசிந்தா ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எத்தினி நாளைக்கு இருக்குது மாத்திரை?" என்று கேட்டேன்.

"பதினொரு நாள்."

"எங்க போற?"

"தெரியலக்கா."

"எனக்குத் தெரியும், வா" என்றேன்.

திண்டிவனத்தில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு ரூம் எடுத்தோம். நான் மூட்டை தூக்கப் போனேன். உடம்பு வலித்தது, வேலை செய்ததற்காக வலித்தது. சனிக்கிழமை வெண்மதி வருவாள். கண்ணாடி இல்லாமல் அவள் கையைப் பிடித்தபோது எவ்வளவு சூடு என்று தெரிந்தது.

பதினோராம் நாள் ஜெசிந்தாவின் மாத்திரை தீர்ந்தது. பன்னிரண்டாம் நாள் காலையில் ஒரு பெட்டியைக் கழுவி, துடைத்து, நிறைத்து அவள் முன்னால் வைத்தேன். அதில் நான் இல்லை, ஆறு பேர் இருந்தார்கள். அவள் அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு நான் என்னக்கா தருவேன்?" என்றாள்.

"குச்சியத் தள்ளி நட்டிருக்குது. அவ்ளோதான். உன் வேலையப் பாரு."

அவளுக்குக் கை தெரியும், அளவு தெரியும். வேண்டியதைச் செய்துகொண்டாள். மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை. கஞ்சி வைப்பேன், பாதி குடிப்பாள், ஓடுவாள். ராத்திரி அவள் முனகினால் நான் முழித்துக்கொண்டு கிடப்பேன். வேர் பிடிக்குமா என்று அவளுக்கே தெரியாது. அவ்வளவு வருஷம் காலியாகக் கிடந்த மனை.

இதற்கிடையில் சூளைப் பக்கம் ஒருநாள் போனேன். கேட்டுக்கு முன்னால் நிற்க விடவில்லை. காவல்காரன் பழக்கமானவன், அவன் சொன்னான். இப்போது பொதுச் சட்டி இல்லையாம். கொட்டகையைத் தடுத்து ஆளுக்கொரு அறை கட்டிவிட்டார்களாம். ரேகை கலக்கக் கூடாதாம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதில்லையாம். "பவுனு மட்டும் சொவத்தத் தட்டித் தட்டிப் பேசிக்கினே இருக்குது" என்றான். திரும்பி வரும் வழியெல்லாம் வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டே வந்தேன்.

ஒரு திங்கட்கிழமை தபால்காரர் பதிவுத் தபால் கொண்டு வந்தார். மை டப்பாவைத் திறந்து நீட்டினார். வேண்டாம் என்று பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். உள்ளே ஒரே தாள். சோறு வடித்துக்கொண்டிருந்த ஜெசிந்தாவிடம் கொண்டு போனேன். "நீங்களே படிங்க" என்றாள், தட்டை எடுத்து வைத்து உட்கார்ந்துகொண்டே.

நின்றபடி படித்தேன். கொடையாளி எண் நாற்பத்தொன்று. அடமானப் பொருள் அழிந்தது. நல்ல பெட்டிகளால் கொஞ்சம் குறைந்திருந்த கடன், இரண்டு லட்சத்துப் பதினோராயிரத்து எண்ணூற்று எழுபது, காப்பீட்டில் கழிக்கப்பட்டது. கடைசி வரிக்கு வந்தபோது எழுத்து கொஞ்சம் ஆடியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கூட்டினேன். நிலுவை: இல்லை.

"முடிஞ்சுபோச்சு ஜெசிந்தா" என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். தட்டு வழித்துத் துடைத்தது போல இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், யாரோ வேறு ஒருவர் சாப்பிட்டுவிட்டுப் போன மாதிரி. ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது. எழுந்து ஓடவில்லை. பிறகு, என்னைப் பார்க்காமலே, தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"அக்கா, இன்னும் கொஞ்சம் போடேன்."